பர்மாப் பெட்டியும் இஸ்திரிப் பெட்டியும்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

பழைய காகிதப் பணம் சேர்ப்பது எனக்கு முப்பது வருடப் பழக்கம். வியாபாரம் இல்லை. தெரிந்தவர் மூலம் தெரிந்தவர் என்று யாராவது கூப்பிட்டால் போய்ப் பார்த்து, இருப்பது இன்னது என்று சொல்லிவிட்டு வருவேன். செட்டிநாட்டுப் பக்கம் ஒரு வீட்டில் கிடைத்த பெட்டியைப் பற்றியது இந்தக் குறிப்பு. வீட்டாரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஊரும் பெயரும் வேண்டாம் என்றார்கள்.

அந்த வீட்டுக் கொள்ளுத்தாத்தா பர்மாவில் உள்ள ரங்கூனுக்குக் கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போனவர். அங்கே வட்டிக்குக் கடன் கொடுக்கும் லேவாதேவிக் கடை, உள்நாட்டில் இன்னும் இரண்டு ஊர்களில் கிளை. 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டதும் அவர் கிளம்பி ஊர் வந்து சேர்ந்துவிட்டார். கடையில் முதலாளிக்கு அடுத்த பொறுப்பில், அடுத்தாளாக இருந்தவர் மட்டும் கடைச்சாவியோடு அங்கேயே தங்கிவிட்டார். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. போர் முடிந்து ஊர் திரும்பிய அந்த அடுத்தாள், ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்து முதலாளியிடம் ஒப்படைத்தார். கணக்கு பார்த்தார்களா, இல்லையா என்பது யாருக்கும் நினைவில்லை. பெட்டி மாடி அறையில் போய் உட்கார்ந்தது. எண்பது வருடம் கழித்து, ஓடு மாற்ற ஆள் விட்டபோதுதான் கீழே வந்தது.

வீட்டில் இப்போது இருப்பவர் எழுபது வயது ஆச்சி ஒருவர். அவருடைய மகன் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறார். சொத்துக்குப் பங்காளிகள் ஐந்து பேர்.

முதல் பேச்சும் நான் செய்த தவறும்

மகன் என்னைக் கூப்பிட்டது பெட்டி திறந்து பத்து நாள் கழித்து. அந்தப் பத்து நாளில் இரண்டு காரியங்கள் நடந்திருந்தன. பெட்டியில் இருந்த கடிதங்களையும் உறைகளையும் "கரையான் பிடித்த குப்பை" என்று பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போட்டுவிட்டார்கள். நோட்டுகளைப் படம் பிடித்து இணையத்தில் போட்டிருந்தார் மகன். உடனே ஒருவர் அழைத்து, ரிசர்வ் வங்கியே பழைய நோட்டுகளை வாங்குகிறது, பதிவுக் கட்டணம் மட்டும் கட்டுங்கள், லட்சக்கணக்கில் வரும் என்று சொல்லியிருக்கிறார். மகன் கட்டணம் கட்டியும் விட்டார். இப்படி வங்கியின் பெயரையும் சின்னத்தையும் வைத்து ஏமாற்றுகிறார்கள் என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்திருந்தது. அந்த எச்சரிக்கை போய்ச் சேராத வீடுகள்தான் அதிகம்.

"இனிமேல் யாருக்கும் பணம் கட்டாதீர்கள்" என்று சொன்னேன். அது சரி. அதற்கடுத்து நான் சொன்னதுதான் வினையாகிவிட்டது: "நோட்டுகளை நன்றாக விரித்து வைத்து, தெளிவாகப் போட்டோ எடுத்து அனுப்புங்கள்."

மகன் ஊரில் இல்லை. போனில் கேட்டதை ஆச்சியிடம் சொன்னார். மடிப்பும் சுருக்கமுமாக இருந்த நோட்டுகளை நன்றாக விரிக்க ஆச்சிக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். வெள்ளைத் துணியை மேலே போட்டு, லேசாகத் தண்ணீர் தெளித்து, இஸ்திரி போட்டுவிட்டார். படங்கள் அழகாகத்தான் வந்தன. அவற்றைப் பார்த்த எனக்கே முதலில் சந்தேகம் வரவில்லை. இவ்வளவு சுத்தமாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன்.

வீட்டில் பார்த்தது

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நேரில் போனேன். பட்டாலையில், அதாவது வீட்டுக் கூடத்தில், பாய் விரித்து எல்லாவற்றையும் பரப்பி வைத்திருந்தார் ஆச்சி. முதல் நோட்டைக் கையில் எடுத்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. புழங்காத பழைய நோட்டுக்கு ஒரு மொறுமொறுப்பு உண்டு. காதருகே வைத்து லேசாக அசைத்தால் சத்தம் கேட்கும். புழங்கிய நோட்டில் அது குறைந்து, துணி போலத் தொய்வு வரும். இது இரண்டும் இல்லை. தட்டையாக, மினுமினுப்பாக, உயிரில்லாமல் இருந்தது. மடிப்பு இருந்த கோடுகள் மறைந்த மாதிரி தெரிந்தன. சாய்வாக வெளிச்சம் காட்டினால் ஒவ்வொரு கோட்டிலும் நார் முறிந்து, மை உதிர்ந்திருந்தது. நோட்டு அழுத்தப்பட்டதா, நனைக்கப்பட்டதா என்றுதான் தரம் பார்க்கிறவர்கள் முதலில் தேடுவார்கள். அதை மறைக்க வழி இல்லை.

"தம்பி, நல்லாத்தானே இருக்கு?" என்றார் ஆச்சி. நான் உடனே பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, தவறு என்னுடையது என்று மட்டும் சொன்னேன்.

பெட்டியில் இருந்தவை நான்கு வகை. ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தலை போட்ட இந்திய நோட்டுகள் முதல் வகை. பத்து ரூபாய் சில, நூறு ரூபாய் ஒன்று. பத்து ரூபாய் நோட்டுகளில் இரண்டில் ஜே. பி. டெய்லர் கையெழுத்து. இவர்தான் பின்னால் 1937 முதல் 1943 வரை ரிசர்வ் வங்கியின் கவர்னராக இருந்தவர். அதனால் ஐந்தாம் ஜார்ஜ் நோட்டிலும், 1938ல் வந்த ரிசர்வ் வங்கியின் முதல் நோட்டுகளிலும் அதே கையெழுத்து வரும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது எனக்கு இன்றைக்கும் பிடித்த வேலை.

இரண்டாவது வகை, அதே பத்து ரூபாய் நோட்டின் மேல் "பர்மாவில் மட்டும் செல்லும்" என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி கூடுதலாக அச்சிட்டவை. 1937 ஏப்ரல் 1 அன்று பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தபோது, தனி நோட்டு தயாராகும்வரை இந்த ஏற்பாடு. இவற்றுக்குச் சந்தையில் மதிப்பு அதிகம் என்பதால், சாதாரண இந்திய நோட்டில் அந்த வரியைப் புதிதாக அச்சிட்டு விற்பவர்களும் உண்டு. பார்க்க வேண்டிய இடம் மடிப்பு. அன்றைக்கே அச்சிட்ட வரி என்றால், பிறகு விழுந்த மடிப்பில் அந்த மையும் நோட்டின் மையோடு சேர்ந்து உடைந்திருக்கும். பின்னால் அச்சிட்டது என்றால் மை மடிப்புக்குள் இறங்கிப் பரவியிருக்கும். பத்து மடங்கு லென்ஸில் தெளிவாகத் தெரியும். இந்தப் பெட்டியில் இருந்த மூன்று நோட்டுகளும் உண்மையானவைதான். இஸ்திரிக்குப் பிறகும் அந்தச் சாட்சி அழியவில்லை என்பது ஒரு ஆறுதல்.

மூன்றாவது வகை ஜப்பான் நோட்டுகள். நான்காவது, ஒரு பாதி நோட்டு. இந்த இரண்டையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும்.

இவை போக, பெட்டிக்குச் சம்பந்தமில்லாமல் அலமாரியிலிருந்து எடுத்துவந்த ஏழு பழைய ஐந்நூறு ரூபாய் நோட்டுகள், 2016ல் செல்லாமல் போனவை. 2017ல் வந்த சட்டப்படி அந்த ஐந்நூறு, ஆயிரம் நோட்டுகளை ஒருவர் பத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஆய்வுக்கோ சேகரிப்புக்கோ என்றால் இருபத்தைந்து வரை. ஏழுதான் என்பதால் பிரச்சினை இல்லை. ஆனாலும் வேறு அலமாரிகளையும் பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.

ஜப்பான் கட்டு

வீட்டார் பெரிதாக நம்பியிருந்தது இதைத்தான். கட்டுக்கட்டாக இருந்ததால் அந்த நம்பிக்கை. ஜப்பான் அரசின் பெயரில், ஆங்கிலத்தில், ரூபாய் என்று போட்ட நோட்டு. பகோடாவும் பனைகளும் படமாக இருக்கும். வரிசை எண் கிடையாது. "பி" என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் தொகுதி எழுத்து மட்டும் இருக்கும். பர்மாவுக்கு அந்த எழுத்து, மலேயாவுக்கு "எம்". மலேயாவின் பத்து டாலரில் வாழை மரம் இருந்ததால் அங்கே அதை வாழைமர நோட்டு என்பார்கள். எண்ணே இல்லாமல் அச்சடித்தால் எவ்வளவு அடித்தோம் என்று கணக்கு வைக்க வேண்டிய அவசியம் இல்லை. அடித்துத் தள்ளினார்கள், விலைவாசி ஏறியது, 1945ல் பிரிட்டிஷ் படை திரும்பி வந்ததும் அது வெறும் காகிதமாயிற்று.

இன்றைக்கும் உலகம் முழுக்க ஏராளமாகக் கிடைக்கிற நோட்டு இது. சேகரிப்பில் முதல் அடி வைக்கிற பள்ளிப் பையன்கூடக் கைக்காசில் ஒன்று வாங்கிவிடலாம். இதை ஆச்சியிடம் சொல்வது சுலபமாக இல்லை.

ஆனால் ஒரு கட்டை எடுத்துத் திருப்பியபோது எனக்கு வேறொன்று தெரிந்தது. பத்து ரூபாய் நோட்டுகள் நூறை ஒரு காகிதப் பட்டையால் சுற்றி, பசை வைத்து ஒட்டியிருந்தார் அந்த அடுத்தாள். பட்டையின் மேல் மங்கிய மையில் தமிழில் "ரொக்கம்", அதன் பக்கத்தில் ௲. தமிழ் எண்ணில் ஆயிரம். செல்லாமல் போகப்போகிற பணத்தையும் எண்ணி, கட்டி, ஐந்தொகைக்கு, அதாவது வரவுசெலவை முடித்துப் பார்க்கும் கணக்குக்கு, காட்ட வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார். அந்தக் காகிதக் குவியலில் எனக்கு விலை உள்ளதாகத் தெரிந்தது அந்த ஒரு விரல் அகலப் பட்டைதான். வேறு இரண்டு கட்டுகளின் பட்டைகளை வீட்டார் ஏற்கெனவே கிழித்துப் போட்டு, நோட்டுகளைப் பிரித்து இஸ்திரிக்கு அனுப்பியிருந்தார்கள். மூன்றாவது கட்டு தப்பித்தது, ஆச்சிக்குக் கை வலித்ததால்.

நூறு ரூபாய் நோட்டு

விலை என்று பார்த்தால் பெட்டியிலேயே பெரியது இது. ஐந்தாம் ஜார்ஜ் காலத்து ஐம்பது, நூறு ரூபாய் நோட்டுகளில், எந்த நகரத்து வட்டத்தில் (நோட்டு வெளியிடும் பகுதியில்) வெளியிட்டார்களோ அந்த ஊரின் பெயர் அச்சாகியிருக்கும். பம்பாய், கல்கத்தா, கான்பூர், கராச்சி, லாகூர், மதராஸ், ரங்கூன். நோட்டு ஒன்றுதான், ஆனால் ஊர் மாறினால் விலை மாறும். ரங்கூன் அபூர்வம். நம் நோட்டில் ரங்கூன்.

அந்தப் பெயரின் மேலேதான் டேப் ஒட்டியிருந்தது. என்றோ நடுமடிப்பில் கிழிந்திருக்கிறது. ஆச்சியின் கணவர் உயிரோடு இருந்த காலத்தில் ஒருமுறை பெட்டியைத் திறந்து, இது ஒன்றுக்கு மட்டும் செலோ டேப் போட்டு மூடி வைத்திருக்கிறார். அப்படியே விட்டிருந்தால் டேப் காய்ந்து, மஞ்சளாகி, தானாக உரிந்திருக்கலாம். இஸ்திரியின் சூட்டில் பசை இளகிக் காகிதத்துக்குள் இறங்கிவிட்டது. ஊர்ப் பெயரின் முதல் மூன்று எழுத்துகள் தெளிவாக இருந்தன. மீதி, எண்ணெய் பட்ட தோசைக் காகிதம் மாதிரி கண்ணாடியாகி, பழுப்பாகத் தெரிந்தது.

இடது ஓரத்தில் இரண்டு ஊசித்துளைகள் இருந்தன. மகன் அதைப் பார்த்துப் பதறினார். அது பயப்பட வேண்டியதில்லை. வங்கிகளில் கட்டுகளைப் பின் அடித்து வைப்பது வெகுகாலம் நடந்த பழக்கம். 2001ல் ரிசர்வ் வங்கி நிறுத்தச் சொல்லும்வரை அது போகவில்லை. அந்தக் காலத்து நோட்டில் துளை இருப்பது இயல்பு. இல்லாவிட்டால் கொஞ்சம் கூடுதல் விலை, அவ்வளவுதான்.

பாதி நோட்டு

இதைக் குப்பையோடு போட மறந்துவிட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். பெட்டியின் அடியில் ஒட்டிக் கிடந்தது. ஒரு பக்கம் மட்டும் அச்சு, பின்பக்கம் வெறும் வெள்ளை. எழுத்துகளுக்கு அடியில் மங்கிய பச்சை அச்சு. வெளிச்சத்தில் பிடித்தால் காகிதத்துக்குள் அலை அலையாக நீர்க்குறி. மதராஸ் வட்டத்து நோட்டு என்பதால் தொகையைப் பல மொழிகளில் அச்சிட்ட கட்டத்தில் தமிழும் இருந்தது. நடுவில் ஒழுங்காக, கத்தரியால் வெட்டிய விளிம்பு.

"கிழிஞ்சதுதானே?" என்றார் மகன். கிழியவில்லை, வேண்டுமென்றே வெட்டியது. அந்தக் காலத்தில் தபாலில் பணம் அனுப்பும்போது நோட்டை இரண்டாக வெட்டி, முதல் பாதியை ஒரு தபாலில் அனுப்புவார்கள். வந்து சேர்ந்தது என்று பதில் கடிதம் வந்த பிறகே இரண்டாவது பாதி போகும். வழியில் ஒன்று களவு போனாலும் திருடனுக்குப் பயன் இல்லை. நோட்டின் இரு பாதியிலும் எண் இருக்கும் என்பதால் சேர்த்து ஒட்டி மாற்றிக்கொள்ளலாம்.

அப்படியென்றால் இந்தப் பாதியோடு ஒரு கடிதம் வந்திருக்கும். யார் யாருக்கு அனுப்பியது, மற்றப் பாதி ஏன் வந்து சேரவில்லை, இது ரங்கூனுக்கு எப்படிப் போயிற்று என்பதற்கு விடை அந்த உறைகளில் இருந்திருக்கலாம். அன்று மாலையே மகனும் நானும் பேப்பர் கடைக்குப் போனோம். கடைக்காரருக்கு ஞாபகம் இருந்தது. "பன்னிரண்டு கிலோண்ணே, செவ்வாய்க்கிழமையே லோடு ஏறிடுச்சு" என்றார்.

எடுத்த முடிவுகள்

அன்றிரவு ஆச்சி, மகன், போனில் இரண்டு பங்காளிகள், நான் என்று பேசி முடிவு செய்தோம். இனி எதையும் துடைப்பது, ஒட்டுவது, அழுத்துவது கிடையாது. இருக்கிற நிலையிலேயே ஒவ்வொன்றுக்கும் உறை, உறையின் மேல் பென்சிலில் எண், தனியாக ஒரு நோட்டுப் புத்தகத்தில் விவரம். மகன் வாங்கி வைத்திருந்த பளபளப்பான ஆல்பத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். அது பிவிசி என்ற பிளாஸ்டிக். கொஞ்ச வருடத்தில் அதிலிருந்து கசிவது நோட்டைப் பிசுபிசுப்பாக்கும். மைலார் என்ற, அப்படிக் கசியாத பிளாஸ்டிக் உறைகள் விலை கூடுதல், ஆனால் வேறு வழி இல்லை.

டேப்பை எடுப்பதா என்பதில்தான் நிறைய நேரம் போனது. பெட்ரோல் தொட்டுத் துடைத்தால் வந்துவிடும் என்று ஒரு பங்காளி சொன்னார். வரும்தான், கூடவே மையும் வரும். காகிதப் பாதுகாப்பில் பயிற்சி உள்ள ஒருவரிடம் காட்டாமல் தொடுவதில்லை என்று நிறுத்தினேன்.

வெளிநாட்டுத் தர நிறுவனத்துக்கு அனுப்பிச் சான்று வாங்கலாம் என்பது மகனின் யோசனை. இதில் பாதி நோட்டுக்கு மட்டும் நான் மறுத்தேன். நூறு வருடம் தாண்டிய வரலாற்றுப் பொருள்கள் 1972ன் தொல்பொருள் சட்டத்துக்குள் வருகின்றன. அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது. நோட்டிலேயே தேதி இருக்கிறது, நூறு தாண்டிவிட்டது. நூறு ரூபாய் நோட்டையும் அனுப்ப வேண்டாம் என்றேன். அதற்குக் காரணம் வேறு. அழுத்தியது, ஒட்டியது என்று குறை எழுதிய சான்றுக்குக் காசு கொடுப்பானேன்?

எல்லாவற்றையும் மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன் என்று ஒரு வியாபாரி சொன்ன விலையை ஏற்க வேண்டாம் என்றும் முடிவாயிற்று. மொத்த விலையில் நல்ல நோட்டு ஜப்பான் நோட்டுக்குள் ஒளிந்துகொள்ளும்.

அப்புறம் நடந்தது

பாதுகாப்பு நிபுணர் டேப்பின் பிளாஸ்டிக்கை மட்டும் எடுத்தார். ஏற்கெனவே பிடி விட்டிருந்ததால் அது சுலபமாக வந்தது. கறை அப்படியே இருக்கிறது. அதை எடுக்க முயன்றால் ஊர்ப் பெயரே போகலாம் என்றார். விட்டுவிட்டோம். நூறு ரூபாய் நோட்டு ஏலத்தில் போனது. இஸ்திரிக்கு முன்னால் இருந்த நிலையில் கிடைத்திருக்கும் என்று நான் மதிப்பிட்டதில் மூன்றில் ஒரு பங்குதான் வந்தது. குறைகளை ஒன்றுவிடாமல் எழுதிக் கொடுத்துத்தான் விற்றோம். எழுதாமல் விட்டால் கொஞ்சம் கூட வந்திருக்கும் என்று மகனுக்கு இன்னும் ஒரு வருத்தம் உண்டு. எனக்கு இல்லை.

"பர்மாவில் மட்டும்" நோட்டுகள் மூன்றும் இரண்டு சேகரிப்பாளர்களிடம் போயின. வந்த தொகை ஐந்து பங்காகப் பிரிந்தபோது ஆளுக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. பதிவுக் கட்டணம் என்று போன பணம் திரும்பவில்லை. புகார் நிலுவையில் இருக்கிறது.

பட்டை கிழியாத ஜப்பான் கட்டும் பாதி நோட்டும் வீட்டிலேயே இருக்கின்றன. கட்டைப் பிரிக்கக் கூடாது என்று ஆச்சியே இப்போது வருகிறவர்களிடம் சொல்கிறாராம். ௲ என்றால் என்ன என்று பேரப்பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுத்ததும் அவர்தான். அவருடைய அப்பச்சி (அப்பா) அந்த எண்ணில்தான் பேரேடு எழுதினாராம்.

மறுபடி நேர்ந்தால்

படம் கேட்க மாட்டேன். கேட்டாலும், பெட்டி திறந்தபடி, எதையும் தொடாமல், மேலிருந்து ஒரே படம் போதும் என்பேன். பெட்டியில் உள்ள கடிதம், உறை, நூல், பட்டை, துண்டுச் சீட்டு எதுவும் வீட்டை விட்டுப் போகக் கூடாது என்பதை முதல் வாக்கியமாகச் சொல்வேன். அன்றைக்கு ஏமாற்றுக்காரரைப் பற்றி எச்சரிப்பதில் நான் காட்டிய அவசரத்தில் இது விட்டுப்போனது. பேசுகிறவர் ஒருவர், பெட்டியைத் தொடுகிறவர் இன்னொருவர் என்றால், தொடுகிறவரிடமே பேச வேண்டும். மகனிடம் சொன்னது ஆச்சியிடம் போய்ச் சேர்ந்தபோது "விரித்து" என்பது "இஸ்திரி போட்டு" ஆகிவிட்டது. அதில் ஆச்சியின் தவறு எதுவும் இல்லை.

வீட்டின் வடக்குப் பகுதியில் இன்னொரு அறை பூட்டிக் கிடக்கிறது. சாவி மலேசியாவில் இருக்கும் பங்காளியிடம் இருக்கிறது, ஆடிக்கு வருகிறார். அதுவரை அந்தப் பக்கம் யாரையும் விடுவதில்லை என்று ஆச்சி சொல்லியிருக்கிறார்.